ஏறுவோர்க்கு ஏற்ற உணவு

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது தமிழ்நாட்டில் வழங்கும் பழமொழி. உடல் என்னும் சுவர் உறுதியாக இருந்தால்தான் கல்வி, கலை, விளையாட்டு ஆகிய சித்திரங்கள் அதன்மேல் நிலைபெறும். இவ்வுண்மையை மறுப்பார் எவருமிலர். ஆயினும், சித்திரத்தின்மேல் கொண்ட ஆசையால் சுவரையே சுரண்டுவோரும் உலகில் உண்டு. விளையாட்டில் வெற்றி பெறவேண்டும் என்னும் வேட்கையால் உணவைக் குறைத்து உடலை வாட்டும் இளைஞரே அவர். இப்பிழை பரவிய விளையாட்டுகளுள் ஒன்று பாறையேற்றம்.

மயிலாடுதுறை வட்டாரத்தில் பாறைகள் இல்லை. காவிரி கொணர்ந்து பரப்பிய வண்டல் நிலம் அது. கண்ணுக்கெட்டிய தொலைவு வரை வயல்களே விரிந்து கிடக்கும். அங்கு உயர்ந்து நிற்பவை கோயிற் கோபுரங்களும் தென்னை மரங்களுமே. எனினும், ஏறுதல் என்னும் தொழில் அவ்வூரார்க்குப் புதிதன்று. தென்னை ஏறும் தொழிலாளி காலில் தளைக்கயிறு பூட்டி, கையால் மரத்தைத் தழுவி, ஒரே நாளில் பல மரங்கள் ஏறி இறங்குகின்றார். வெறும் வயிற்றோடு மரம் ஏறலாகாது என்பதை அவர் எந்த நூலிலும் படித்ததில்லை. நடுமரத்தில் கை தளர்ந்தால் நேர்வது யாது என்பதை அவர் அறிவார். அவ்வறிவு ஒன்றே அவர்க்குப் போதும். மரம் ஏறுவோர் அறிந்த இச்சிறு உண்மையை உலகப் புகழ் பெற்ற பாறையேறிகள் சிலர் மறந்தனர். அதனால் விளைந்த தீமை மாணவர் அனைவரும் எண்ணிப் பார்க்கத் தக்கது.

பாறையேற்றம் இக்காலத்தில் மலைச்சரிவுகளில் மட்டும் நிகழ்வதன்று. செயற்கைச் சுவர்கள் எழுப்பி, அவற்றில் கைப்பிடிகளைப் பொருத்தி, அவற்றைப் பற்றி ஏறும் போட்டிகள் நாடுதோறும் நடைபெறுகின்றன. 2020ஆம் ஆண்டுக்குரிய டோக்கியோ ஒலிம்பிக் விழா 2021இல் நடைபெற்றபோது, இவ்விளையாட்டு முதன்முறையாக அவ்விழாவில் இடம்பெற்றது. அவ்வாண்டும், அடுத்து 2024இல் பாரிசு நகரில் நடந்த விழாவிலும் ஸ்லொவேனியா நாட்டு வீராங்கனை யான்யா கார்ன்பிரெட் தங்கப் பதக்கம் வென்றார். பாரிசு நகரில் 15 மீட்டர் உயரச் சுவரை 4.75 நொடியில் ஏறி முடித்து, இந்தோனேசியாவின் வெட்ரிக் லியோனார்டோ ஆடவர் விரைவேற்றத்தில் தங்கம் பெற்றார். ஒருவர் இரு முறை இமைத்து நிமிர்வதற்குள் ஐந்து மாடி உயரம் ஏறிய விந்தை அது.

இவ்விளையாட்டில் வீரர் தூக்க வேண்டிய சுமை வேறெதுவுமன்று, அவருடைய உடலே. விரல் நுனி மட்டுமே பதியக்கூடிய ஒரு சிறு விளிம்பில் உடல் முழுவதும் தொங்குகின்றது. ஆகவே, உடலின் எடை குறைந்தால் விரலின் சுமை குறையும். சுமை குறைந்தால் ஏற்றம் எளிதாகும் என்று எண்ணுவது இயல்பே. இவ்வெண்ணம் முழுப்பொய்யும் அன்று. கொழுப்பு மிகுந்த உடலோடு செங்குத்துச் சுவரில் ஏறுவது கடினம். சிறந்த ஏறிகளுள் பலர் மெல்லிய உடலினர். ஆனால், பாதி உண்மை பல வேளைகளில் முழுப்பொய்யினும் கொடியது. மெல்லிய உடலினர் சிலர் வென்றதைக் கண்டு, மெலிந்தால் வெல்லலாம் என்று முடிவு கட்டுதல் தவறு. உயரமானவர் பந்தை எளிதாகக் கூடையில் இடுகின்றார் என்பதற்காக எவரும் தம் உடலை இழுத்து நீட்ட முயல்வதில்லை அன்றோ?

உணவைக் குறைத்தவுடன் எடை விரைவில் இறங்குவது உண்மை. அங்ஙனம் இறங்குவது எது? தசைகளிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்னும் சர்க்கரைச் சேமிப்பு உள்ளது. அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ மூன்று கிராம் நீர் சேர்ந்திருக்கும். இரண்டு மூன்று நாள் உணவு குறைந்தால் இச்சேமிப்பில் 400 கிராம் கரைகின்றது என்று கொண்டால், அதனோடு 1,200 கிராம் நீரும் வெளியேறும். எடைக்கருவி ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைத்துக் காட்டும். வீரர் மகிழ்வார். ஆனால், அவர் இழந்தது கொழுப்பன்று. அடுத்த ஏற்றத்திற்கு வேண்டிய எரிபொருளும் நீருமே. வண்டி இலேசாக வேண்டும் என்று எண்ணெயைக் கொட்டிவிட்டுப் பயணம் புறப்படுவாரை ஒத்தவர் அவர்.

அவ்வெரிபொருளின் அருமை முன்கையின் செயலை ஆராய்ந்தால் விளங்கும். ஏறுபவர் ஒரு பிடியை வலிந்து பற்றும்போது முன்கைத் தசைகள் இறுகுகின்றன. அவ்விறுக்கத்தில் குருதிக் குழாய்கள் நெரிபடுகின்றன. குருதியோட்டம் தடைப்படும்போது வெளியிலிருந்து உயிர்வளியும் உணவும் தசையை அடைய வழியில்லை. அவ்வேளையில் தசை தன்னிடம் முன்பே சேர்த்து வைத்த பொருளைக் கொண்டே உழைக்க வேண்டும். சேமிப்பு நிறைந்திருந்தால் பிடி நிலைக்கும். அது வற்றியிருந்தால் விரல்கள் தாமே திறந்துகொள்ளும். நெஞ்சில் எத்துணைத் துணிவு இருப்பினும் வெறுமையான தசை அதற்கு அடங்காது.

பட்டினியின் தீங்கு ஒரு நாள் தோல்வியோடு முடிவதில்லை. உண்ணும் உணவு தரும் ஆற்றலில் பயிற்சிக்குச் செலவானது போக எஞ்சியதைக் கொண்டே இதயம், மூளை, எலும்பு, குருதி அனைத்தும் தத்தம் பணியை ஆற்றுகின்றன. கொழுப்பு நீங்கலாக உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாள்தோறும் ஏறத்தாழ 45 கிலோ கலோரி எஞ்சுதல் நலம் என்பது உடலியல் அறிஞர் கருத்து. அது 30க்குக் கீழ்த் தாழ்ந்தால் கேடு தொடங்கும் என்பர். கொழுப்பு நீங்கலாக 40 கிலோ எடையுள்ள ஒரு மாணவியை எடுத்துக்கொள்ளலாம். அவருக்கு உடலின் அன்றாடப் பணிகளுக்கு மட்டும் 1,800 கிலோ கலோரி வேண்டும். பயிற்சியில் 500 செலவானால், 2,300 கிலோ கலோரி உண்ணுதல் வேண்டும். அவர் 1,500 மட்டும் உண்டு 500ஐப் பயிற்சியில் செலவிட்டால் எஞ்சுவது 1,000. கிலோவுக்கு 25 மட்டுமே ஆகின்றது.

வருவாய் சுருங்கிய குடும்பத்தின் தலைவர் முதலில் வீட்டைப் பழுது பார்ப்பதை நிறுத்துவார். பின்னர்ப் பிள்ளைகளின் துணியைக் குறைப்பார். உடலும் அவ்வாறே செய்கின்றது. எலும்பைப் புதுப்பிக்கும் பணி தளர்கின்றது. நோயை எதிர்க்கும் ஆற்றல் குன்றுகின்றது. மகளிர்க்கு மாதச் சுழற்சி தடைப்படுகின்றது. அது உடல் எழுப்பும் எச்சரிக்கை மணி. எலும்பில் நுண்ணிய முறிவுகள் தோன்றுகின்றன. மனம் சோர்ந்து, எளிதிற் சினம் கொண்டு, உறக்கம் கெடுகின்றது. இந்நிலைகள் அனைத்தையும் ஒன்றாகத் தொகுத்து, ‘விளையாட்டில் ஒப்பீட்டு ஆற்றல் குறைபாடு’ என்னும் பொருள்படப் பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014ஆம் ஆண்டில் பெயரிட்டது. இது மகளிர்க்கு மட்டும் உரிய நோயன்று, ஆடவரையும் பற்றும்.

வளரும் பருவத்தினர்க்கு இத்தீங்கு இருமடங்கு. வாழ்நாள் முழுதும் உடலைத் தாங்கும் எலும்பின் பெரும்பகுதி இளமையிலேயே உருவாகின்றது. அப்பருவத்தில் இழந்ததைப் பின்னர் முழுதும் மீட்டல் அரிது. மேலும், இளைஞரின் விரல் எலும்புகளில் வளர்ச்சி நடைபெறும் மென்மையான பகுதிகள் உண்டு. அளவுகடந்த ஏற்றப் பயிற்சியால் அப்பகுதிகளில் முறிவு ஏற்படுவதை மருத்துவர் கண்டுள்ளனர். முறிந்ததை ஆற்றுவதற்கும் உணவே மூலப்பொருள். அவ்வுணவையும் மறுத்தால் உடல் எதைக்கொண்டு தன்னைச் செப்பனிடும்?

பாறையேற்றத் துறையில் இச்செய்தி நெடுங்காலம் வெளிப்படப் பேசப்படாமல் இருந்தது. மெலிந்த வீரர் மேடையில் நின்றபோது கைதட்டினோர் பலர். அம்மெலிவின் விலையைக் கேட்டோர் சிலரே. 2023ஆம் ஆண்டில், அவ்விளையாட்டை நடத்தும் பன்னாட்டுக் கூட்டமைப்பின் மருத்துவக் குழுவிலிருந்து ஃபோல்கர் ஷோஃப்ல், ஆய்கன் புர்ட்ஷர் என்னும் மருத்துவர் இருவர் விலகினர். வீரர்களின் உடல்நலத்தைக் காக்கப் போதிய நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்பதே அவர்கள் கூறிய குறை. அவ்வாண்டிலேயே யான்யா கார்ன்பிரெட்டும் இக்கேட்டைத் தடுக்க வேண்டும் எனப் பலரறியக் குரல் கொடுத்தார். வெற்றியின் உச்சியில் நின்ற ஒருவரே இதனை உரைத்தது சிறப்புடையது. தோற்றவர் கூறியிருந்தால் அதனைப் பொறாமை என்று உலகம் தள்ளியிருக்கும். 2024இல் கூட்டமைப்பு புதிய விதிகளை வகுத்தது. வீரர் உடல்நலத்தோடு உள்ளார் என்பதற்கு அவரவர் நாட்டுச் சங்கம் சான்றளிக்க வேண்டும் என்பது அவ்விதிகளின் சாரம்.

‘உணவைக் குறைத்த சிலர் உண்மையிலேயே வென்றுள்ளனரே’ என்று வினவுவோர் இருக்கலாம். அவ்வினாவிற்கு விடை கூறாமல் செல்லுதல் முறையன்று. தொடக்கத்தில் எடை விரைந்து குறையும். வலிமை சற்றுத் தாமதித்தே குறையும். இவ்விடைவெளியில் சில வாரம் ஏற்றம் எளிதாகத் தோன்றும். பதக்கமும் கிட்டக்கூடும். இதுவே தூண்டிலில் மாட்டிய இரை. இரையைக் கண்ட மீன் முள்ளைக் காண்பதில்லை. பின்னர் வலிமையும் குறைகின்றது. காயங்கள் ஆறாமல் நீடிக்கின்றன. விதைநெல்லைக் குற்றி உண்டவர்க்கும் அன்று ஒரு வேளை வயிறு நிறைந்தது உண்மையே. ஆனால், அடுத்த பருவத்தில் அவர் வயல் தரிசாகக் கிடந்தது.

அங்ஙனமாயின் ஏறுவோர் உண்ண வேண்டியது யாது? பயிற்சியின் முதல் எரிபொருள் மாவுச்சத்து. அது நெல் விளையும் நாட்டார்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி. அரிசி உண்பவர் சோம்பர் என்றும், சோறு வலிமை தாராது என்றும் சிலர் இகழ்வதுண்டு. 4.75 நொடியில் சுவர் ஏறிய வீரரின் இந்தோனேசியாவும் அரிசியை முதன்மை உணவாகக் கொண்ட நாடே. ஆகவே, குறை அரிசியில் இல்லை. அரிசியை மட்டுமே உணவெனக் கருதும் பழக்கத்தில்தான் குறை உள்ளது.

அக்குறையை உலகுக்கு உணர்த்திய ஆராய்ச்சிகளுள் ஒன்றும் இந்தோனேசியாவிலேயே நிகழ்ந்தது. 1890களில் சாவகத் தீவின் பத்தாவியா நகரில் எய்க்மன் என்னும் டச்சு மருத்துவர் பணியாற்றினார். நன்கு தீட்டிய வெள்ளரிசியை மட்டும் தின்ற கோழிகள் கால் தளர்ந்து வீழ்ந்தன. தவிடு நீங்காத அரிசியைத் தின்றவை நலம் பெற்றன. தவிட்டில் உள்ள உயிர்ச்சத்தின் இன்றியமையாமை இதனால் புலனாயிற்று. 1929இல் எய்க்மன் நோபெல் பரிசு பெற்றார். காவிரி நாட்டார் நெடுங்காலமாக நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திப் புழுங்கலரிசி ஆக்குகின்றனர். அவிக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள் ஊடுருவுகின்றது. பின்னர் உமியும் தவிடும் நீங்கினாலும் அச்சத்து முழுதும் போவதில்லை. ஆராய்ச்சிக் கூடம் தோன்றுமுன் அடுப்பங்கரை கண்ட அறிவு இது.

இருப்பினும், தமிழர் தம் உணவைக் குறையற்றது எனத் தருக்குதல் பொருந்தாது. இராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் இமயப் பகுதியான கில்கித்தில் பணிபுரிந்து, அங்கு மலை ஏறி இறங்கும் மக்களின் உடலுறுதியைக் கண்டு வியந்தவர். அவர் பின்னர் நீலகிரியிலுள்ள குன்னூரில் உணவு ஆராய்ச்சியை நடத்தினார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவு வகைகளைத் தனித்தனிக் கூட்ட எலிகளுக்கு ஊட்டினார். முழுக்கோதுமை, பால், பருப்பு, காய்கறி அடங்கிய சீக்கியர் உணவை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. பாலும் பருப்பும் காய்கறியும் சுருங்கி, சோறே பெருகிய சென்னை மாகாணத்து ஏழையர் உணவை உண்டவை மிகவும் பின்தங்கின. எலியின் வளர்ச்சியைக் கொண்டு மனிதரை முற்றும் அளத்தல் இயலாது. எனினும், சோற்றைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதே முதன்மையான வினா என்பதை அவ்வாராய்ச்சி தெளிவாக்கியது.

அவ்வினாவிற்குரிய விடையை மயிலாடுதுறை வயல்களே கூறுகின்றன. சம்பாவும் தாளடியும் அறுவடையாவதற்குச் சில நாள் முன்னர், ஈரம் புலராத வயலில் உழவர் உளுந்தையும் பச்சைப்பயற்றையும் விதைப்பர். நெல் அறுபட்டபின் அதன் தாள்களுக்கிடையே பயறு தழைக்கும். வயலில் நெல்லும் பயறும் அடுத்தடுத்து வருவதுபோல இலையிலும் அவை சேர்ந்து வருதல் வேண்டும். அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் கூறு குறைவு. பயற்றில் அது மிகுதி. பயற்றில் மெத்தியோனின் குறைவு. அரிசி அதனை ஈடு செய்கின்றது. தனித்து நின்றால் குறையுடையவை இரண்டும், சேர்ந்தபோது நிறைவு எய்துகின்றன. இட்டிலியும் பொங்கலும் இந்நட்பின் பயனே. ஏறுபவரின் தசையும் தசைநாரும் தேய்ந்த இடத்தைப் புரதமே புதுப்பிக்கின்றது. கடும்பயிற்சி செய்வோர்க்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாள்தோறும் 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் வேண்டும் என்பர்.

பூம்புகாரிலும் தரங்கம்பாடியிலும் கரையேறும் மீன், வீட்டுக் கோழியின் முட்டை, மோர், தயிர், நிலக்கடலை, எள் ஆகியவை எலும்புக்கும் தசைக்கும் வேண்டியவற்றைத் தருகின்றன. புலால் உண்ணாதார் பயறும் பாலும் மிகுத்துக்கொள்ளலாம். கீரையின் இரும்புச் சத்தை உடல் ஏற்பதற்கு எலுமிச்சையும் நெல்லிக்கனியும் துணைபுரியும்; உணவோடு பருகும் தேநீர் அதனைத் தடுக்கும். பயிற்சிக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னர் வயிறு நிறைய உண்ணுதலும், இடையில் ஒரு வாழைப்பழமோ கடலையுருண்டையோ கொள்ளுதலும், பயிற்சி முடிந்தபின் தாமதியாமல் சோறும் பருப்பும் உண்ணுதலும் நல்ல பழக்கங்கள். இவற்றிற்குப் பெரும் பொருள் வேண்டா, ஒழுங்கே வேண்டும்.

நீரின் அருமையும் மறக்கத் தக்கதன்று. 1953ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் டென்சிங்கும் ஹிலாரியும் எவரெசுட்டுச் சிகரத்தை அடைந்தனர். அக்குழுவில் கிரிஃபித் பியூ என்னும் உடலியல் அறிஞரும் இருந்தார். உயர்ந்த மலையில் பசி மந்தமாகும். மூச்சின் வழியே நீர் மிகுதியாக வெளியேறும். முன்னர்ச் சென்றோர் போதிய நீர் பருகாமையால் தளர்ந்தனர் என்பதை அவர் ஆராய்ந்து அறிந்தார். நாள்தோறும் மூன்று நான்கு லிட்டர் நீர் பருக வேண்டும் என்றும், ஏறுவோர் விரும்பி உண்ணும் உணவைத் தர வேண்டும் என்றும் வற்புறுத்தினார். உலகின் உச்சியைத் தொட்ட வெற்றிக்குத் துணிவோடு அடுப்பும் தண்ணீரும் உதவின.

உணவு முதலில், ஊக்கம் பின்னர் என்னும் இம்முறையைத் தமிழ்நாடு கல்வியில் என்றோ ஏற்றுக்கொண்டது. 1956இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கிற்று. 1982இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022இல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டமும் எழுந்தது. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பது இத்திட்டங்களின் அடிப்படை. பசித்த பிள்ளையால் பாறை ஏறவும் இயலாது, ஓடவும் இயலாது, சடுகுடு ஆடவும் இயலாது. வறுமையால் உண்ணாதார்க்கு உணவளிக்க நாடே முன்வந்தது. உணவிருந்தும் புகழாசையால் உண்ணாதிருப்போரைத் தடுப்பது யார் கடமை?

அக்கடமை முதற்கண் பயிற்சியாளரைச் சாரும். மாணவரின் எடையைப் பலர் முன்னிலையில் பேசி நகைக்கும் பயிற்சியாளர் தாம் கற்பிக்கும் விளையாட்டிற்கே தீங்கிழைக்கின்றார். ஒரு சொல்லால் ஓர் இளம்பெண் பல மாதம் உணவை வெறுக்கக்கூடும். கூடுதல் எடையுள்ள மாணவர்க்கும் மருத்துவரின் அறிவுரையே வழி; ஏளனம் வழியன்று. பெற்றோர், ஊக்கத்தோடு பயிலும் பிள்ளை உணவைத் தொடர்ந்து ஒதுக்கினால் அதனைக் கட்டுப்பாடு எனப் போற்றாமல் காரணம் வினவுதல் வேண்டும். மாணவரும் தம் தோழர் மெலிவதைக் கண்டால் மறைத்து வைத்தல் நட்பாகாது. ஆசிரியரிடம் அறிவிப்பதே நட்பு.

விளையாட்டு உடலை வளர்ப்பதற்கு அமைந்தது. உடலைத் தின்று வளரும் விளையாட்டு, வேலியே பயிரை மேய்வதற்கு ஒப்பாகும். எடைக்கருவியின் முள் காட்டுவது சுமையை மட்டுமே. அது விரலின் உறுதியையும் எலும்பின் திண்மையையும் நெஞ்சின் தெளிவையும் காட்டாது. அவற்றைக் காட்டுவது ஆண்டுகள் பல கடந்தும் தளராமல் ஏறும் ஏற்றமே. நெல்லும் பயறும் விளைக்கும் நாட்டு இளைஞர் நிறைய உண்டு, நேர்மையாகப் பயின்று, உயர ஏறுவாராக.